கணினியிலுள்ள உயர்தெளிவு இசையை ரிசீவருக்குக் கொண்டுசெல்லுதல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

நல்ல ஒலிப்பதிவுகளைத் தேடிச் சேர்த்துக் கணினியில் அடுக்கி வைத்திருப்பவர்கள், அவற்றை வீட்டுக் கூடத்தில் ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரில் முதன்முதலாகக் கேட்க விரும்பும்போது பெரும்பாலும் புளூடூத்தையே நாடுகிறார்கள். இணைப்பு உடனே கிடைக்கிறது, பாட்டும் ஒலிக்கிறது; ஆகவே வேலை முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் வினாடிக்கு 46 லட்சம் பிட் கொண்ட கோப்பு அந்த வழியில் 10 லட்சம் பிட்டுக்கும் கீழே சுருக்கப்பட்டே ரிசீவரை அடைகிறது. புளூடூத் ஒலிமுறைகளில் உயர்ந்ததாக மதிக்கப்படும் எல்டாக் கூட வினாடிக்கு 990 கிலோபிட்டைத் தாண்டுவதில்லை. தேடிச் சேர்த்த தரத்தில் பெரும்பகுதி சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்றாக நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு முறையைத்தான். கணினியைப் பாட வைக்காதீர்கள். அதை ஒரு புத்தக அலமாரியாக மட்டும் வைத்துக்கொண்டு, வேண்டிய கோப்பை ரிசீவரே வீட்டு நெட்வொர்க் வழியாக எடுத்துப் படிக்கும்படி செய்யுங்கள். அப்படிச் செய்யும்போது கணினியின் ஒலி அமைப்பு, அதன் கலவைக் கருவி, ஒலியளவுக் கட்டுப்பாடு ஆகிய எவற்றின் கையும் இசையின் மீது படுவதில்லை. கீழே வரும் படிகள் யாவும் இந்த ஒரு நோக்கத்தை முன்வைத்தே எழுதப்பட்டுள்ளன.

எண்களைப் புரிந்துகொள்ளுதல்

ஒலியை எண்களாக மாற்றும்போது இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒரு வினாடியில் ஒலியலை எத்தனை முறை அளக்கப்படுகிறது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்படுகிறது என்பது பிட் ஆழம். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி வினாடிக்கு 44,100 முறை, 16 பிட் ஆழத்தில் ஒலியைக் குறிக்கிறது. இடம், வலம் என இரண்டு தடங்களையும் சேர்த்துப் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட் வரும். அதே கணக்கில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கு 46,08,000 பிட்டும், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கு 92,16,000 பிட்டும் வேண்டும். சிடியின் அளவைத் தாண்டியவற்றையே ஹை-ரெஸ் என்றும் உயர்தெளிவு ஒலி என்றும் அழைக்கிறார்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர இசை, சுருக்காத நிலையில் ஏறத்தாழ 2 கிகாபைட் இடத்தை அடைக்கும்.

இந்தக் கூடுதல் எண்கள் காதில் கேட்குமா என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. மாதிரி வீதத்தில் பாதிவரையுள்ள அதிர்வெண்களைப் பதிவுசெய்ய முடியும் என்பதால், சிடியே 22 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டிவிடுகிறது. மனிதச் செவியோ 20 கிலோஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடுகிறது. 2007-இல் மேயரும் மொரானும் ஒலிப் பொறியியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு இசைக்கும் அதைச் சிடி அளவுக்கு இறக்கிய வடிவத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கேட்டவர்களால் இனங்காண முடியவில்லை. 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, சிறியதேயாயினும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஒரு திறன் கேட்பவர்களிடம் இருப்பதாகத் தெரிந்தது. என்னைக் கேட்டால், பதிவு செய்தவரின் கைத்திறனே முதலில் நிற்கும். எண்கள் அதற்குப் பின்னால்தான். இருந்தாலும், கோப்பு எப்படி இருக்கிறதோ அப்படியே போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. நம்மைக் கேட்காமல் ஒரு கருவி இடையில் புகுந்து மாற்றுவதுதான் தவறு.

வழிகளும் அவற்றின் எல்லைகளும்

கணினியிலிருந்து ரிசீவருக்குச் செல்லும் வழிகள் பல. புளூடூத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம். ஆப்பிளின் ஏர்பிளே, தரம் இழக்காமல் அனுப்பினாலும், ரிசீவர்களில் வழக்கமாகச் சிடி அளவிலேயே இயங்குகிறது. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு அதன் வழியே சென்றால் இறக்கி மாற்றப்படும். ஆப்டிகல் கம்பி எளிமையானது. ஆனால் பல கருவிகள் அதில் 96 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்பதில்லை. எச்டிஎம்ஐ கம்பி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஒலியை எட்டுத் தடங்கள்வரை தாராளமாகச் சுமக்கும். ஆயினும் இந்த இரண்டு கம்பிகளிலும் கணினியே இசையை இயக்குவதால், அதன் ஒலி அமைப்பு நடுவே வந்து நிற்கும். கணினி ரிசீவருக்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு.

யூஎஸ்பி பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. ரிசீவரின் முகப்பில் யூஎஸ்பி துளையைப் பார்த்தவுடன் கணினியை அதில் இணைத்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் அதிகம். பெரும்பாலான ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் அந்தத் தட்டையான துளை பென் டிரைவைச் செருகுவதற்காக மட்டுமே வைக்கப்பட்டது. அங்கே ரிசீவர்தான் தலைமைக் கருவி. கணினியும் தன்னைத் தலைமைக் கருவியாகவே கருதும் என்பதால், இரண்டையும் கம்பியால் இணைத்தால் ஒன்றும் நடக்காது. கணினியோடு இணைவதற்கென்று, அச்சுப்பொறிகளில் காணப்படுவது போன்ற சதுர வடிவத் துளை பின்புறத்தில் இருந்தால்தான் அது பயன்படும். சில ஸ்டீரியோ கருவிகளில் அது உண்டு. பொருந்தாத கம்பியை வாங்கிவந்து ஒரு மாலைப் பொழுதை வீணாக்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எஞ்சியிருப்பது நெட்வொர்க் வழி. கடந்த பல ஆண்டுகளில் வெளிவந்த ரிசீவர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈதர்நெட் துளையோ வைஃபையோ இருக்கிறது. அவற்றுள் மிகப் பல டிஎல்என்ஏ என்ற பொது ஏற்பாட்டின்படி இயங்குகின்றன. 2003-இல் தொடங்கப்பட்ட டிஎல்என்ஏ கூட்டமைப்பு 2017-இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கு அடிப்படையான யூபிஎன்பி நெறிமுறை இன்றும் கருவிகளில் உயிரோடு இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் மூன்று பாத்திரங்கள் உண்டு: கோப்புகளை வைத்திருந்து கேட்பவருக்குக் கொடுக்கும் சர்வர், கோப்பைப் பெற்று ஒலியாக்கும் ரெண்டரர், எதை எங்கே இயக்குவது என்று கட்டளையிடும் கட்டுப்பாட்டுச் செயலி. நம் வீட்டில் கணினி சர்வர், ரிசீவர் ரெண்டரர், கைபேசியோ ரிசீவரின் சொந்த ரிமோட்டோ கட்டுப்பாட்டுக் கருவி. கைபேசி கட்டளையை மட்டுமே அனுப்புகிறது. இசை அதன் வழியே செல்வதில்லை. புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது.

தொடங்குவதற்கு முன்: ரிசீவரின் கையேடு

எதையும் நிறுவுவதற்கு முன் ரிசீவரின் கையேட்டை எடுத்து, நெட்வொர்க் வழி இயக்கக்கூடிய கோப்பு வகைகளின் அட்டவணையைத் தேடிப் படியுங்கள். விளம்பரத்தில் ஹை-ரெஸ் என்ற முத்திரை இருப்பது போதாது. கருவிக்குள் இருந்து எண்களை மீண்டும் ஒலியாக மாற்றும் டாக் சில்லு 192 கிலோஹெர்ட்ஸை ஏற்கக்கூடியதாக இருந்தும், நெட்வொர்க் பகுதி 96-உடன் நின்றுவிடும் பழைய ரிசீவர்கள் உண்டு. அட்டவணையில் ஃப்ளாக், வேவ், ஆலாக் ஆகிய தரம் இழக்காத கோப்பு வடிவங்களுக்கு எதிரே எந்த வீதம்வரை, எத்தனை பிட்வரை என்று குறித்திருக்கிறார்கள் என்பதைத் தனித்தனியாகப் பாருங்கள். யூஎஸ்பி வழிக்கும் நெட்வொர்க் வழிக்கும் வெவ்வேறு அட்டவணைகள் இருக்கலாம். இடைவெளியின்றி அடுத்தடுத்த தடங்களை இயக்கும் வசதி உண்டா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ரிசீவருக்கான மென்பொருள் புதுப்பிப்பு காத்திருந்தால் அதையும் முதலிலேயே முடித்துவிடுவது நல்லது. கோப்பு வகைகளுக்கான ஆதரவு சில வேளைகளில் அப்படித்தான் வந்து சேர்கிறது.

நெட்வொர்க்கைச் சீர்செய்தல்

கணினியும் ரிசீவரும் ஒரே ரவுட்டரின் கீழ், ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இது எளிய நிபந்தனைபோல் தோன்றினாலும், சர்வர் கண்ணில் படவில்லை என்ற புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் முடிகின்றன என்பது என் அனுபவம். விருந்தினர்களுக்கென்று ரவுட்டரில் தனியாகத் திறந்துவைக்கும் வைஃபை, தன்னோடு இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்துவிடும். என் ரிசீவர் ஒருமுறை அதில் இணைந்திருந்ததைக் கவனிக்காமல், இரண்டு நாட்கள் கணினியில் மென்பொருள்களை நிறுவுவதும் நீக்குவதுமாக இருந்திருக்கிறேன். இணையம் மட்டும் இரண்டு கருவிகளிலும் குறையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்ததால் ஐயமே எழவில்லை.

முடிந்தால் ரிசீவரை ஈதர்நெட் கம்பியால் இணையுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் என்ற பழைய அளவே, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இசைக்கு வேண்டியதைப்போல் பத்து மடங்குக்கும் மேலானது. விலையுயர்ந்த கம்பி எதுவும் தேவையில்லை, சாதாரண கேட்-5இ கம்பியே 100 மீட்டர்வரை போதுமானது. வைஃபையிலும் சராசரி வேகத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அண்டை வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் கருவிகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே நெருக்கியடித்துக்கொண்டிருப்பதால், தரவு சில கணங்கள் தடைபட்டு வரும். ரிசீவரின் தற்காலிக நினைவகம் சிறியதாக இருந்தால் அந்தச் சில கணங்களுக்குள் அது காலியாகி, பாட்டு நடுவில் அறுந்துபோகும். கம்பி இழுக்க வழியில்லாதவர்கள் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தலாம்; ரவுட்டருக்கும் ரிசீவருக்கும் இடையே சுவர்கள் குறைவாக இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். கணினி, ரிசீவர் ஆகிய இரண்டில் ஒன்றையாவது கம்பியில் வைத்தால், காற்றில் செல்லும் பளு பாதியாகக் குறையும்.

கூடவே, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கணினிக்கும் ரிசீவருக்கும் மாறாத ஐபி முகவரிகளை ஒதுக்கிவையுங்கள். இது கட்டாயமில்லை, ஆனால் பின்னாளில் பழுது தேடும்போது எது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பது பெரிய உதவி.

கோப்புகளை ஒழுங்குபடுத்துதல்

இசையை ஃப்ளாக் வடிவத்தில் வைத்திருப்பதே எல்லா வகையிலும் வசதி. ஜோஷ் கோல்சன் உருவாக்கி 2001-இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த இந்த வடிவம், எந்த எண்ணையும் இழக்காமல் கோப்பைச் சுருக்குகிறது. எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எவ்வளவு சுருங்கும் என்பது இசையைப் பொறுத்தது. பாதியளவாகவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வருவது வழக்கம். மூல ஒலியின் சரிபார்ப்பு எண் கோப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் கோப்பு சிதையாமல் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். வேவ் வடிவமும் தரத்தில் குறைந்ததல்ல. ஆனால் பாடகர் பெயர், தொகுப்பின் பெயர் போன்ற குறிப்புகளை அதில் பதித்தால் எல்லாக் கருவிகளும் அவற்றைப் படிக்கும் என்று நம்ப முடியாது.

அந்தக் குறிப்புகள் அலங்காரத்துக்கானவை அல்ல. சர்வர் மென்பொருள் கோப்பின் பெயரைப் பார்த்துப் பட்டியல் தயாரிப்பதில்லை. உள்ளே பதிக்கப்பட்ட குறிப்புகளைப் பார்த்தே தயாரிக்கிறது. ஒரே பாடகரின் பெயரை மூன்று விதமாக எழுதிவைத்திருந்தால் பட்டியலில் மூன்று பாடகர்கள் தோன்றுவார்கள். எம்பி3டேக், மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்டு போன்ற மென்பொருள்களில் ஏதேனும் ஒன்றைக் கொண்டு, பாடகர், தொகுப்பு, தட எண், ஆண்டு ஆகிய நான்கையாவது சீராக்கிவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். தமிழ் எழுத்துகளில் குறிப்புகளை எழுதுவதில் சர்வருக்குத் தடையேதும் இல்லை. கைபேசிச் செயலியிலும் அவை ஒழுங்காகத் தெரியும். ரிசீவரின் சின்ன முகப்புத் திரை மட்டும் வெறும் கட்டங்களைக் காட்டக்கூடும், ஏனெனில் அதற்குள் தமிழ் எழுத்துரு இருப்பது அரிது.

உயர்தெளிவு என்ற பெயரில் வாங்கிய கோப்பு உண்மையிலேயே அப்படிப்பட்டதா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ஆடாசிட்டி மென்பொருளில் கோப்பைத் திறந்து நிறமாலைக் காட்சிக்கு மாறினால், எந்த அதிர்வெண்வரை ஒலி இருக்கிறது என்பது படமாகத் தெரியும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் கத்தியால் அறுத்ததுபோல் ஒலி நின்றிருந்தால், அது சிடி அளவிலிருந்து வெறுமனே பெருக்கப்பட்டது என்று ஐயுறலாம். மெல்ல மெல்லத் தேய்ந்து மறைவது வேறு. பழைய நாடாப் பதிவுகளும் ஒலிவாங்கிகளும் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும்.

சர்வர் மென்பொருளை நிறுவுதல்

இப்போது கணினியை அலமாரியாக்கும் வேலை. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும் மினிம்சர்வர், அசெட் யூபிஎன்பி ஆகிய இரண்டும் இசைக்கென்றே எழுதப்பட்டவை. லினக்ஸில் ஜெர்பெராவும், ரெடிமீடியா என்று பெயர் மாறிய மினிடிஎல்என்ஏவும் எளிமையானவை. திரைப்படங்களுக்காகச் செய்யப்பட்ட சர்வர்களிலும் இசை ஓடும். ஆனால் அவை கோப்பைத் தாமாகவே வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும் ஆர்வம் மிகுந்தவை என்பதால், தொடக்கத்தில் இசைக்கான சர்வரையே தேர்ந்தெடுப்பது நல்லது.

நிறுவியதும் இசைக் கோப்புகள் இருக்கும் தலைமைக் கோப்புறையை அதற்குக் காட்டுங்கள். முதல் முறை எல்லாக் கோப்புகளையும் படித்துப் பட்டியலிட அது நேரம் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கான கோப்புகள் இருந்தால் தேநீர் குடித்துவிட்டு வரலாம். அதன் பின்னர் அமைப்புகளில் கவனிக்க வேண்டிய முதல் இடம், வடிவ மாற்றம் தொடர்பான பகுதி. அது முழுவதும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் உங்கள் 24 பிட் கோப்பைப் பாதுகாப்புக்காக என்று 16 பிட்டாகவோ எம்பி3 ஆகவோ மாற்றி அனுப்பக்கூடும். ரிசீவரும் மறுப்பின்றி அதை வாங்கிப் பாடும். இதற்கு ஒரே விதிவிலக்கு, உங்கள் ரிசீவர் ஃப்ளாக்கை ஏற்காமல் வேவை மட்டும் அதே வீதத்தில் ஏற்பதாக இருக்கும் நிலை. அப்போது ஃப்ளாக்கை 24 பிட் வேவாக விரித்து அனுப்பும்படி சர்வருக்குச் சொல்லலாம். விரிப்பதில் எந்த எண்ணும் மாறுவதில்லை.

இரண்டாவது இடம் கணினியின் ஃபயர்வால். சர்வரைத் தேடும் கருவிகள் 239.255.255.250 என்ற குழு முகவரிக்கு, 1900 என்ற போர்ட்டில், யாராவது இருக்கிறீர்களா என்ற அழைப்பை அனுப்புகின்றன. ஃபயர்வால் அந்த அழைப்பை உள்ளே விடாவிட்டால் சர்வர் எழுந்து நின்றிருந்தும் எவர் கண்ணுக்கும் தெரியாது. விண்டோஸில் வீட்டு நெட்வொர்க் பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்டிருந்தால் அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றுங்கள். பின்பு சர்வர் மென்பொருளுக்கு ஃபயர்வாலில் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே முழுவதுமாக அணைத்துவிடும்படி சொல்லும் அறிவுரைகளைப் பின்பற்ற வேண்டாம். சோதனைக்காக ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்துக் காரணத்தை உறுதிசெய்வதில் பிழையில்லை, உடனே திரும்ப இயக்கிவிட்டால்.

மூன்றாவதாக, கணினி உறங்கிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வர் கோப்பைக் கொடுப்பதைப் பல கணினிகள் ஒரு வேலையாகவே கருதுவதில்லை. விசைப்பலகை அரை மணி நேரம் தொடப்படாவிட்டால், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உறக்கத்துக்குச் சென்றுவிடும். மின்சக்தி அமைப்புகளில் திரை அணைவதை மட்டும் அனுமதித்து, உறக்கத்தை நிறுத்திவையுங்கள்.

இசையை இயக்குதல்

ரிசீவரின் உள்ளீடுகளில் நெட்வொர்க் அல்லது மியூசிக் சர்வர் என்ற பெயரில் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கணினியின் சர்வர் பெயர் பட்டியலில் தோன்ற வேண்டும். ரிமோட்டின் அம்புக்குறிகளால் ஆயிரம் தொகுப்புகளைக் கடந்து செல்வது பொறுமையைச் சோதிக்கும் என்பதால், முதல் சோதனைக்குப் பிறகு கைபேசிச் செயலிக்கு மாறிவிடலாம். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களுக்கு ஹியோஸ், யமஹா ரிசீவர்களுக்கு மியூசிக்காஸ்ட் என நிறுவனங்களின் சொந்தச் செயலிகள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் ஆண்ட்ராய்டில் பபுள்யூபிஎன்பி செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் சர்வராகக் கணினியையும், ரெண்டரராக ரிசீவரையும் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும்.

கச்சேரிப் பதிவுகளிலும் ஒரு தடம் அடுத்ததற்குள் தொடர்ந்து ஓடும் தொகுப்புகளிலும், தடங்களுக்கிடையே ஒரு வினாடி மௌனம் விழுவது எரிச்சலூட்டும். அடுத்த தடத்தை முன்கூட்டியே ரிசீவருக்கு அறிவிக்கும் வசதி யூபிஎன்பியில் உண்டு. ஆனால் ரிசீவரும் செயலியும் இரண்டுமே அதை ஆதரித்தால்தான் அது பலிக்கும். ஆதரவு இல்லாத கருவியில் இதற்கென்று மணிக்கணக்கில் அமைப்புகளைத் துழாவுவது வீண். கச்சேரி முழுவதையும் ஒரே கோப்பாக இணைத்து வைத்துக்கொள்வது அந்த நிலையில் எளிய தீர்வு.

உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று சரிபார்த்தல்

இந்தக் கட்டுரையில் வேறு எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். ஒரு 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும், ஒரு 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும், இருந்தால் ஒரு 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பையும் அடுத்தடுத்து இயக்குங்கள். ரிசீவரின் முகப்புத் திரையிலோ, தொலைக்காட்சியில் தெரியும் தகவல் பக்கத்திலோ, செயலியிலோ உள்வரும் ஒலியின் மாதிரி வீதம் காட்டப்படும். கோப்பு மாறும்போது அந்த எண்ணும் மாறினால் வழி சுத்தமாக இருக்கிறது. எதை இயக்கினாலும் 48 என்றோ 44.1 என்றோ ஒரே எண் நிலைத்து நின்றால், இடையில் எவரோ மாற்றுகிறார்கள் என்று பொருள். சர்வரின் வடிவ மாற்ற அமைப்பையே முதலில் சந்தேகியுங்கள். காதால் கேட்டு இதைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். புதிதாக ஒன்றைப் பொருத்திய மகிழ்ச்சியில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

உள்வரும் எண் சரியாக இருந்தும் கதை அங்கே முடிவதில்லை. அறையின் ஒலித்தன்மைக்கு ஏற்பத் திருத்தும் வசதியை இயக்கியிருந்தால், பல ரிசீவர்கள் தம் கணக்கீட்டுத் திறனுக்கு உட்பட்டு, உயர்ந்த வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொண்டு வேலை செய்கின்றன. தாழ்சுரங்களைப் பிரித்துத் துணை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பணியிலும் இது நேரலாம். பியூர் டைரக்ட் போன்ற பெயருள்ள நிலைக்கு மாறினால் இந்தத் திருத்தங்கள் யாவும் விலக்கப்பட்டு, வந்த எண்கள் வந்தபடியே டாக் சில்லைச் சேரும். ஆனால் அதை எப்போதும் இயக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். சுவர்கள் எதிரொலிக்கும் சாதாரண அறையில், 48 கிலோஹெர்ட்ஸில் செய்த நல்ல அறைத் திருத்தம், திருத்தமே இல்லாத 192 கிலோஹெர்ட்ஸைவிட அதிக நன்மை தரக்கூடும். இரண்டையும் ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள். ஒலியளவு சற்றே கூடியிருப்பதுதான் சிறந்தது என்று காது ஏமாந்துவிடும் என்பதால் அளவு சமமாக இருப்பது முக்கியம்.

தடைகள் வந்தால்

நேற்றுவரை தெரிந்த சர்வர் இன்று தெரியாவிட்டால், சர்வர் மென்பொருள், ரிசீவர், ரவுட்டர் என்ற வரிசையில் ஒவ்வொன்றாக அணைத்து இயக்குங்கள். ரிசீவரை ரிமோட்டால் அணைப்பது போதாது. அது அரைத்தூக்கத்தில்தான் இருக்கும், எனவே மின்கம்பியையே ஒரு நிமிடம் பிடுங்கி வையுங்கள். கணினியில் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

96 கிலோஹெர்ட்ஸ் தடையின்றி ஓடி 192 மட்டும் விட்டுவிட்டு ஒலித்தால், குற்றம் பெரும்பாலும் வைஃபையில் இருக்கும். ரிசீவரைத் தற்காலிகமாக நீளமான கம்பியில் இணைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு தொகுப்பு மட்டும் இயங்க மறுத்தால் அந்தக் கோப்புகளின் வீதத்தைக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள், 352.8 அல்லது 384 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைப் பல ரிசீவர்கள் நெட்வொர்க் வழியில் ஏற்பதில்லை. 1999-இல் வந்த சூப்பர் ஆடியோ சிடியின் வடிவமான டிஎஸ்டி, ஒரு பிட் ஆழமும் 2.8224 மெகாஹெர்ட்ஸ் வீதமும் கொண்ட வேறொரு குடும்பம்; அதற்கான ஆதரவைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் வசதியில்லாத ரிசீவர் இருந்தால்

பழைய ரிசீவர் என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் மூட் ஆடியோ அல்லது வால்யூமியோ என்ற இசை மென்பொருளை நிறுவி ரிசீவருக்கு அருகில் வைத்தால், அதுவே ரெண்டரராக நின்று சர்வரிலிருந்து கோப்பைப் பெற்றுக்கொள்ளும். அதிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகவோ, கூடுதல் பலகை ஒன்றைப் பொருத்தி ஆப்டிகல் வழியாகவோ ரிசீவருக்குச் செல்லலாம்.

அதுவும் வேண்டாம், இருக்கும் கணினியையே கம்பியால் இணைக்கிறேன் என்பவர்கள் அதன் ஒலி அமைப்பை விலக்கி நிறுத்தியாக வேண்டும். விண்டோஸ், எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து, அமைப்புகளில் குறித்துள்ள ஒரே வீதத்துக்கு மாற்றித்தான் வெளியே அனுப்பும். ஃபூபார்2000 போன்ற இசை இயக்கும் மென்பொருளில் (இனி இயக்கி), விண்டோஸின் ஒலி இடைமுகமான வாசாபியின் பிரத்தியேக முறையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கலவைக் கருவி ஒதுங்கிக்கொள்ளும். இயக்கியின் ஒலியளவை முழுமையாக வைத்துவிட்டு, ரிசீவரில் மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற செயலியில் வெளியீட்டு வீதத்தைக் கோப்புக்கு ஏற்பக் கையால் மாற்றலாம், அல்லது அதைத் தானாக மாற்றும் இயக்கியைப் பயன்படுத்தலாம். ஆப்டிகல் வழியில் 96-உடன் எல்லை வந்துவிடுகிறது என்றால், அதற்கு மேலுள்ளவற்றை மட்டும் அதே குடும்பத்தின் பாதி வீதத்துக்கு இறக்கும்படி இயக்கியில் குறித்து வையுங்கள்: 192 என்றால் 96-க்கும், 176.4 என்றால் 88.2-க்கும்.